பதினெட்டு முடிந்த மறுநாள்

மயிலாப்பூர்

காலை ஆறரை மணிக்கு மயிலாப்பூரில் நடந்தால் ஊரே ஒரு குடும்பம் என்று தோன்றிவிடும். வடக்கு மாட வீதியில் ஒரு மாமி, பூக்காரம்மாவிடம் பேத்தியின் பரீட்சை முடிவை விசாரித்துக்கொண்டே இரண்டு முழம் மல்லிகையை எடுத்துப் போகிறார். காசு கைமாறவில்லை, கணக்கு எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது. பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடையில் இட்லிக்கு நின்றால், உள்ளேயிருந்து தட்டை நீட்டுகிறவருக்கு வெளியே நிற்பவர்களில் பாதிப் பேரைத் தெரிந்திருக்கிறது. சாம்பார் எனக்குக் கொஞ்சம் தித்திப்பாகப் பட்டது. திருநெல்வேலி நாக்கு, அப்படித்தான் சொல்லும்.

எங்கள் பாளையங்கோட்டையிலும் இதே சங்கதிதான், இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனமாக. புது ஆள் தெருவுக்குள் வந்தால், "நீ யாரு மவன்ல?" என்பதுதான் முதல் கேள்வி. பேரெல்லாம் பிறகு. அந்தக் கேள்விக்குச் சொல்ல ஒன்றும் இல்லாதவர்களைப் பார்க்கத்தான் இந்த முறை சென்னைக்கு வந்திருந்தேன். குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, பதினெட்டு வயது முடிந்ததும் வெளியே வந்து, இந்த நகரத்தில் தனியாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள்.

வழித்துணைக்கு ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர் ஒருவர் கிடைத்தார். பூர்வீகம் சாத்தான்குளம் பக்கம், குடியிருப்பது மந்தைவெளியில். எனக்கு அவர் அண்ணாச்சி, அவருக்கு நான் டீச்சர். எடுத்த எடுப்பிலேயே நிபந்தனை போட்டார். "எந்த ஹோமுக்குள்ளயும் கூட்டிட்டுப் போக மாட்டேன் டீச்சர். பிள்ளைங்க ஒண்ணும் பொருட்காட்சி இல்ல." அந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது என்பதைச் சாவகாசமாகப் பிறகுதான் சொன்னார். இல்லங்களை வாசலோடு பார்ப்பது, வெளியே வந்து பெரியவர்களாகிவிட்டவர்களோடு உட்கார்ந்து பேசுவது என்று ஒப்பந்தம். இந்தக் கட்டுரையில் வருகிற யாருக்கும் பெயர் இல்லாதது அதனால்தான்.

சிவசாமி சாலையில், விவேகானந்தா கல்லூரிப் பக்கம் இருக்கிறது ராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லம். கோயம்புத்தூரில் பிளேக்குக்குப் பெற்றவர்களைப் பறிகொடுத்த சிறுவர்களின் நிலையைக் கண்டு கலங்கிய சுவாமி ராமகிருஷ்ணானந்தர் 1905இல் தொடங்கிவைத்தது. ராமசாமி ஐயங்காரும் ராமானுஜாச்சாரியாரும் அதைத் தோளில் தூக்கி நடத்தினார்கள். முதலில் மயிலாப்பூரில் ஒரு வீடு, விரல்விட்டு எண்ணக்கூடிய பையன்கள். இப்போது நாம் பார்க்கிற பெரிய கட்டடம் 1921இல் திறக்கப்பட்டது. இதெல்லாம் மயிலாப்பூர்க்காரர்களுக்குப் பாடமான கதை. என்னை வாசலில் நிறுத்திவைத்தது வேறொன்று. கட்டடம் எழுந்த கையோடு, 1920களிலேயே, அங்கே தொழிற்பள்ளியும் வந்துவிட்டது. மோட்டார் வாகனப் பொறியியலும் அதில் சேர்ந்தது. சென்னைத் தெருக்களில் கார்கள் இன்னும் குறைவாகவே ஓடிய காலம் அது. அப்பா இல்லாத பையனுக்கு இந்த ஊரில் என்ன வேலை மிச்சமிருக்கும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். குமாஸ்தா உத்தியோகத்துக்குச் சிபாரிசு வேண்டும், சிபாரிசுக்கு ஒரு மாமா வேண்டும். கார்பரேட்டருக்கு மாமா தேவையில்லை.

அண்ணாச்சி அடுத்து அழைத்துப் போனது மந்தைவெளியில் ஒரு இரு சக்கர வாகனப் பட்டறைக்கு. உரிமையாளருக்கு அறுபது தாண்டியிருக்கும். வடசென்னையில் ஓர் இல்லத்தில் வளர்ந்தவர். எங்களுக்கு டீயும் பன் பட்டர் ஜாமும் வரவழைத்துவிட்டு, ஒரு ஸ்கூட்டியின் வயிற்றுக்குள் கையை விட்டபடியே பேசினார்.

"நான் வெளிய வர்றப்போ ஒரு டிரங்குப் பொட்டி, ஒரு ஸ்பேனர் செட்டு. அந்தச் செட்டு வார்டன் சொந்தக் காசுல வாங்கிக் குடுத்தது. இப்போ வர்ற பசங்க நல்லாப் படிச்சிருக்கானுங்க, ஃபைல் நிறைய சர்ட்டிபிகேட் வச்சிருக்கானுங்க. ஆனா கைல காசு பொழங்கினதே இல்லம்மா. சாப்பாடு மணி அடிச்சா வரும், சோப்பு ஒண்ணாந்தேதி வரும், துணி தீபாவளிக்கு வரும். பதினெட்டு வருஷம் அப்டி இருந்துட்டு, திடீர்னு ஒருநாள் பன்னெண்டாயிரம் ரூபா கைல குடுத்தா என்ன பண்ணுவான்?"

அவரிடம் அப்போது ஹோமிலிருந்து வந்த இரண்டு பையன்கள் வேலை பார்த்தார்கள். முதல் மாதம் அவர்களுக்குத் தினக்கூலி. அடுத்த சில மாதம் வாரக்கூலி. ஒரு வருஷம் தாண்டிய பிறகே மாதச் சம்பளம். மொத்தத் தொகையில் ஒரு ரூபாய் குறையாது, கொடுக்கிற முறைதான் வேறு. முன்பு மாதச் சம்பளமாகக் கொடுத்தபோது பத்தாம் தேதியே முன்பணம் கேட்டு நிற்பார்களாம், வெட்கத்தோடு. இப்படி ஒரு யோசனையை நான் எந்த அரசாணையிலும் பார்த்ததில்லை. சமூகப்பணிப் படிப்பில் இதற்கு ஏதாவது பெரிய பெயர் இருக்கும். அவர் பாட்டுக்கு ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐஸ் ஹவுஸ்

மெரினாவுக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் என்று பலகை தொங்கும் கட்டடம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842இல் கட்டியது, 1897இல் விவேகானந்தர் வந்து தங்கியது எல்லாம் வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கிறது. பால்ய விதவைகள் விடுதியாக இருந்த காலத்தைப் பற்றிப் பேச்சு குறைவு.

சகோதரி சுப்புலட்சுமி தானே சிறுவயதில் விதவையானவர். 1911இல் பி.ஏ. முடித்தார், 1912இல் விதவைச் சிறுமிகள் சிலரைக் கூட்டிவைத்துப் படிக்கவைக்கத் தொடங்கினார். அந்த விடுதி பின்னாளில் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. அன்றைய அரசுக்குப் பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்கவில்லை. தலை மழித்து மூலையில் உட்காரவைக்கப்பட்ட சிறுமிகளுக்கோ போக்கிடம் இல்லை. அவர் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார். உள்ளே வருகிற பெண் எட்டு வருஷம் கழித்து என்னவாக வெளியே போவாள் என்பது அவள் வந்த அன்றே தீர்மானம்: டீச்சராக. நானும் அந்த வரிசையில் கடைசியில் வந்த ஒருத்திதான், வேறு காரணங்களுக்காக.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். அரசு உதவியோடு நடந்த அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும். மற்றச் சாதிச் சிறுமிகளுக்கு அந்தப் படிக்கட்டு இல்லை. வெயில் ஏறிவிட்டது, கிளம்பினோம்.

தியாகராய நகர்

சுப்புலட்சுமி 1927இல் தொடங்கிய சாரதா வித்யாலயா பிறகு ராமகிருஷ்ணா மிஷனிடம் போய், இப்போது தி.நகரில் இருக்கிறது. ஜி.என். செட்டி சாலைப் பக்கம் போனால் பால மந்திர். ஆதரவற்ற குழந்தைகளுக்காக மஞ்சுபாஷிணி 1949இல் தொடங்கியது. காமராஜர் கூட நின்றார், இன்று அறக்கட்டளையின் பெயரிலும் அவர் இருக்கிறார். கொஞ்சம் நடந்தால் திருமலைப் பிள்ளை சாலையில் அவர் இருந்த வீடு. முதலமைச்சராக இருந்தவர் கடைசி வரை வாடகை வீட்டில் இருந்தார். நான் இந்த முறை சந்தித்தவர்களில் சிலருக்கு அந்த வாடகை வீடே கிடைப்பதில்லை. ஆனால் அது அடையாறில் வர வேண்டிய பேச்சு.

பானகல் பூங்காவில் ஒரு பெண் காத்திருந்தாள். இருபத்திரண்டு வயது. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிறாள், அன்று அவளுக்கு வார விடுமுறை. வட மாவட்டம் ஒன்றில் ஹோமில் வளர்ந்தவள். அம்மா இருக்கிறார், எங்கே என்று தெரியாது. ஹோமில் வளர்கிற எல்லோரும் பெற்றோரை இழந்தவர்கள் என்று வெளியே இருக்கிற நாம் நினைத்துக்கொள்கிறோம். நிறையப் பிள்ளைகளுக்கு ஒருவராவது உயிரோடு இருப்பார். வறுமை, குடி, மறுமணம், மனநோய், ஜெயில் என்று காரணம் எதுவாகவும் இருக்கும். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் இடம் உண்டு. பத்து வயதுக்கு முன்பே பெற்றோரை இழந்து, கவனிக்க யாருமில்லாமல், அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்தில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அருமையான ஏற்பாடு. ஆனால் காணாமல்போன அம்மா ஒருத்தி கணக்கில் உயிரோடு இருப்பதால் இவளுக்கு அது கிடையாது.

ரங்கநாதன் தெருவைச் சுற்றிக்கொண்டு பாண்டி பஜாருக்கு நடந்தோம். அந்தத் தெருவில் நடந்தோம் என்று சொல்ல முடியாது, கூட்டம் கொண்டுபோய் விட்டது. மாடி மாடியாக நிற்கிற கடைகளில் பெரும்பாலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள். "வாங்க அக்கா" என்பதிலேயே ஊர் தெரிந்துவிடும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் போட்டதே, வந்ததா என்று கேட்டேன். "பில்லிங்ல எனக்கு ஸ்டூல் இருக்கு மேடம். செக்‌ஷன்ல நிக்கிறவங்களுக்குக் கூட்டம் இல்லாதப்போ."

தோசை வந்த பிறகு அவளுக்குப் பேச்சு சரளமானது.

"ஹோம்ல எண்பது பேருக்கு சாம்பார் வைப்போம். மூணு கிலோ பருப்பு, அதுக்கேத்த உப்பு, கண்ண மூடிக்கிட்டுப் போடுவேன். ரூம் எடுத்து முதல் நாள் சமைக்கிறேன், ஒருத்திக்கு எவ்ளோ பருப்புன்னு தெரியல. மூணு நாள் அதையே சாப்ட்டேன்." சிரித்தாள். "அப்புறம் அது கெட்டுப்போச்சு. அழுதேன். சாம்பாருக்குப் போய் அழுவாங்களா?"

வேலையில் சேர்ந்த அன்று வருங்கால வைப்பு நிதிப் படிவத்தைக் கொடுத்தார்களாம். நாமினி என்ற கட்டம். உறவு என்ற கட்டம். அப்பா பெயர் போடு என்றார்கள். இல்லை என்றாள். அப்படியானால் அம்மா. அப்புறம் அண்ணன், தம்பி. கவுன்ட்டரில் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஹோமில் பத்து வருஷம் பக்கத்துப் படுக்கையில் படுத்த தோழியின் பெயரை எழுதினாள். விதிப்படி அது செல்லும்: குடும்பம் இல்லாதவர் யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம், பிற்பாடு குடும்பம் அமைந்தால் புதிதாக எழுத வேண்டும். இந்த ஒரு வரியை அவளுக்குச் சொல்ல அன்று அங்கே யாரும் இல்லை. இல்லத்தைவிட்டு வெளியே வருகிறவர்களுக்குப் பிற்காப்பு என்று நாம் பெரிய வார்த்தையாகச் சொல்வதில் பாதி இவ்வளவுதான் என்று எனக்குப் பட்டது. படிவத்தின் முன்னால் பக்கத்தில் நிற்க ஒரு ஆள்.

மறுபாதி பணமும் இடமும். இதைச் சொல்ல அண்ணாச்சிதான் சரி. பில்டர் காபியை இரண்டாம் முறை ஆற்றிக்கொண்டே ஒப்பித்தார். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 46ஆம் பிரிவு: பதினெட்டு முடிந்து இல்லத்தைவிட்டுப் போகிறவர்களுக்கு நிதி உதவி தரலாம். கட்டாயம் இல்லை. 2016இன் மாதிரி விதிகளில் இருபத்தொரு வயது வரை பிற்காப்பு, தவிர்க்க முடியாத நிலையில் இருபத்து மூன்று வரை. ஆறிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து தங்கத் தற்காலிகக் குடியிருப்பு, படிக்கும்போது உதவித்தொகை, தொழிற்பயிற்சி, கடனுக்கு ஏற்பாடு என்று விதிகளில் நிறையவே இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய். மாநில அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்கிற பிள்ளைகளுக்கு மாதம் 2000 ரூபாய், பதினெட்டு வயது வரை. பள்ளி முடித்த பிறகு கல்லூரிக்கும் திறன் பயிற்சிக்கும் வழிசெய்வதாகச் சொல்கிறது.

"எல்லாம் இருக்கு டீச்சர். ஆனா பதினெட்டு முடியுற அன்னைக்கு அந்தப் பிள்ளை ஒரு மாவட்டத்துல இருக்கும், வேலை வேற மாவட்டத்துல கிடைக்கும். ஃபைல் இங்கேயே இருக்கும், ஆளு மட்டும் பஸ் ஏறிரும்."

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது. குழந்தைகள் இல்லம் குழந்தைகளுக்கானது. பதினெட்டு தாண்டியவர் அங்கே இரவு தங்க முடியாது. விதியில் நியாயம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளின் பாதுகாப்பு. ஆனால் பொங்கலுக்குச் சென்னை காலியாகும்போது என்ன செய்வது? தி.நகர் லேடீஸ் ஹாஸ்டலில் மெஸ் நான்கு நாள் மூடிவிடுவார்கள். அறைத் தோழிகள் பையைத் தூக்கிக்கொண்டு கோயம்பேடும் கிளாம்பாக்கமும் போய்விடுவார்கள். "நீ எப்போ ஊருக்கு?" என்று கேட்பார்கள். பெண் சொன்னாள்: "போகிப் பண்டிகைக்குக் காலைல பஸ் ஏறி ஹோமுக்குப் போவேன். மத்தியானம் சாப்பாடு போடுவாங்க, நல்லாப் பாத்துப்பாங்க. சாயந்தரம் திரும்ப பஸ். போன வருஷம் ரெண்டு பேரு இந்த மாதிரி ஹாஸ்டல்ல தங்கிட்டோம்னு தெரிஞ்சது. மேகி செஞ்சோம். பொங்கலுக்கு மேகி!"

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டிலேயே, பராமரிப்பைவிட்டு வெளியே போகிற இளைஞர்களுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. இருபத்தைந்து வயது வரை பெயர் குறிப்பிட்ட ஆலோசகர் ஒருவரிடம் அவர்கள் போய் நிற்கலாம். அமெரிக்காவில் 1999இல் இதற்கென நிதி ஒதுக்கிச் சட்டம் போட்டார்கள். அங்கெல்லாம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நம்பவில்லை. ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கிறது. நம் பக்கத்தில் அந்த இடத்தில் ஒரு பட்டறைக்காரர் இருக்கிறார்.

அடையாறு

அடையாறு பாலத்துக்கு முன்னால் துர்காபாய் தேஷ்முக் சாலை. ஆந்திர மகிளா சபாவை துர்காபாய் 1937இல் மயிலாப்பூரில் தொடங்கினார். தேர்வு எழுத வாய்ப்பில்லாமல்போன பெண்களைக் கூட்டிப் பாடம் சொல்லிக்கொடுத்ததில் ஆரம்பித்த வேலை. 1953இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவராகப் போனார். அந்த வாரியம் அமைத்த குழுக்களில் ஒன்று, பேராசிரியர் எம்.எஸ். கோரே தலைமையில், இல்லங்களிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கான பிற்காப்புத் திட்டங்களை ஆராய்ந்தது. 1950களின் நடுப்பகுதி! அந்த அறிக்கையை எழுதியவர்கள் கவலைப்பட்ட விஷயத்தை நான் முந்தின நாள் பானகல் பூங்காவில் கேட்டிருந்தேன். சென்னை மாகாணம் 1920இலேயே குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது, இந்தியாவில் அதுதான் முதல். உள்ளே எடுத்துக்கொள்வதில் நாம் எப்போதும் முந்திக்கொண்டிருக்கிறோம்.

பாலத்தைத் தாண்டினால் ஆற்றுவாய்க் காற்று மாறுகிறது. பெசன்ட் அவென்யூவில் பிரம்மஞான சபையின் மதிலை ஒட்டிய நிழல். அந்த வழியில் அவ்வை இல்லம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் சகோதரி சுப்புலட்சுமியும் ஒரே ஆண்டு, 1886இல் பிறந்தவர்கள். சுப்புலட்சுமி தஞ்சாவூர்ப் பக்கத்து வைதிகக் குடும்பத்தின் விதவை. முத்துலட்சுமி புதுக்கோட்டையில் தேவதாசி மரபில் வந்த தாயின் மகள். சட்ட மேலவையில் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக முத்துலட்சுமி பேசிக்கொண்டிருந்த நாட்களில், 1930இல், அந்த வாழ்க்கை வேண்டாம் என்று மூன்று பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நகரத்து விடுதிகள் எதுவும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தன் வீட்டிலேயே தங்கவைத்தார், அவ்வை இல்லம் அதிலிருந்து பிறந்தது. பெண்கள் ஆசிரியைகளாகவும் செவிலியர்களாகவும் வெளியே போனார்கள். தேவதாசி ஒழிப்புச் சட்டம் வர 1947 ஆனது. அதுவரை சட்டத்துக்காக அந்தப் பெண்கள் காத்திருக்கவில்லை.

ஒரு சின்ன விலகல். ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கியது 1936இல், இதே அடையாறில். தேவதாசிகளின் ஆட்டமான சதிரிலிருந்து பெண்களை வெளியே கொண்டுவரும் வீடும், சதிரை மேடைக்குக் கொண்டுவரும் வீடும் கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கின்றன. இதைப் பற்றி யாராவது ஒரு நாவல் எழுதலாம்.

அவ்வை இல்லத்தின் வாசலில் நிற்கும்போது எனக்கு எங்கள் பக்கத்து டோனாவூர் ஞாபகம் வந்தது. களக்காட்டுக்குப் பக்கம், மேற்கு மலையடிவாரம். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த சிறுமிகளை 1901இலிருந்து ஏமி கார்மைக்கேல் அங்கே சேர்த்து வளர்த்தார். 1951இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். டோனாவூரில் வளர்ந்த பெண்களில் பலர் வெளியே போகவே இல்லை. அங்கேயே அக்காக்களாகி, அடுத்த குழந்தைகளை வளர்த்தார்கள். சின்ன வயதில் அந்தத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று நினைத்திருக்கிறேன். முத்துலட்சுமியின் வழி வேறு: ஒரு தொழிலைக் கையில் கொடுத்து ஊருக்குள் அனுப்புவது. இப்போது கேட்டால் நான் அடையாறு பக்கம்தான் சாய்வேன். மலையடிவாரத்து அமைதி எல்லாப் பெண்களுக்கும் வாய்க்காது, எல்லோருக்கும் வேண்டியதும் இல்லை. ஆனால் முத்துலட்சுமி காலத்தில் செவிலியர் பயிற்சிக்குப் போனால் விடுதி உண்டு, வேலைக்குப் போனால் குவார்ட்டர்ஸ் உண்டு. இன்றைக்கு வேலை தருகிற யாரும் கூரை தருவதில்லை. பெண்களுக்காவது அரசின் தோழி விடுதிகள் சில ஊர்களில் இருக்கின்றன. பையன்கள்?

கஸ்தூரிபா நகரில் டீக்கடை வாசலில் அந்தப் பையன் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். இருபது வயது, ஸ்விகி சட்டை, தொலைநிலைக் கல்வியில் பி.காம். இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து வீடு தேடுகிறான், மூவரும் ஒரே ஹோம்.

"சென்னைல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கன்னு சொல்வாங்க ஆன்ட்டி. நிஜம்தான், வேலைல கேக்கல, காலேஜ்ல கேக்கல. வீட்டு ஓனர் மட்டும் எல்லாத்தையும் சேத்து வச்சுக் கேக்குறாரு. பேச்சிலரா, வெஜ்ஜா, அப்பா என்ன பண்றாரு, நேட்டிவ் எது. ஹோம்ல வளந்தேன்னு உண்மையச் சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்க. 'அட்வான்ஸ் யாருப்பா குடுப்பா, ஏதாவது பிரச்சினைன்னா யாருகிட்டப் பேசுறது'ன்னு புரோக்கர் கேப்பாரு."

"அப்புறம் என்ன சொல்லுவே?"

"அப்பா தவறிட்டாரு, அம்மா ஊர்ல இருக்காங்கன்னு. ஊரு திருநெல்வேலின்னு சொல்லிடுவேன். தூரம்ல, யாரும் விசாரிக்க மாட்டாங்க. ஒருத்தரு மட்டும் 'திருநெல்வேலில எங்கே'ன்னு கேட்டாரு. மாட்டிக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாளையங்கோட்டை தெற்கு பஜார் என்று சொல்லச் சொன்னேன். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டான், மறுபடி யாராவது மடக்கினால்? கோபாலசாமி கோயில், சேவியர் பள்ளிக்கூடம் என்று அடையாளம் சொன்னேன். செல்போனில் குறித்துக்கொண்டான். அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பது வருஷம் நன்னடத்தை அலுவலராக இருந்தவர் முன்னால் ஒரு டீச்சர் பொய் சொல்லிக்கொடுக்கிறாள்.

அவருடைய கோபம் என் மேல் இல்லை என்று பிறகு தெரிந்தது. "ஆறு பேரு தங்குற வீடுன்னு விதியில இருக்கு. ஒரு வார்டுக்கு ஒண்ணு கூட வேண்டாம். அடையாறுல ஒண்ணு, தி.நகர்ல ஒண்ணு, அரசாங்கத்து பேர்ல அக்ரிமென்ட்டு. இவன் எதுக்குங்க உங்க தெரு பேர மனப்பாடம் பண்ணணும்?" வளர்ப்புப் பராமரிப்பில் குடும்பங்களோடு பிள்ளைகள் வளரலாம் என்று சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்கிறது. 2024இன் வழிகாட்டு நெறிமுறைகளில் தனியாக வாழ்கிறவர்கள்கூட வளர்ப்புப் பெற்றோராகலாம். அப்படிக் குடும்பத்தில் வளர்ந்திருந்தால் இவனுக்கு அட்வான்ஸ் கொடுக்க ஒரு சித்தப்பா இருந்திருப்பார் என்றேன். "இருந்திருப்பாரு. இப்போதைக்கு ஹோம்ல இருக்குற பிள்ளைங்களுக்கு வழியச் சொல்லுங்க."

கடைசியாகப் போனது ஒரு செவிலியர் வீட்டுக்கு, சாஸ்திரி நகரில். ஞாயிற்றுக்கிழமை. முப்பதுகளில் இருக்கிறார், ஹோமில் வளர்ந்து நர்சிங் படித்தவர். 2018இல் கல்யாணம். அன்னை தெரசா பெயரில் ஆதரவற்ற பெண்களுக்கு இருக்கிற திருமண உதவித் திட்டத்தில் 50,000 ரூபாயும் தாலிக்கு எட்டு கிராம் தங்கமும் கிடைத்தது. அந்தத் தங்கத்தில் செய்த தாலியை எடுத்துக் காட்டினார், பெருமையாகத்தான். நல்ல திட்டம். எனக்கு மட்டும் மனசுக்குள் ஒரு முள். ஹோமில் வளர்ந்த பெண் எப்படிப் பெரியவளாவாள் என்று கேட்டபோது அரசாங்கத்துக்கு முதலில் தோன்றிய பதில் கல்யாணம். வீட்டு அட்வான்ஸுக்கு ஒரு திட்டம் தோன்றவில்லை. இதை அவரிடம் சொன்னபோது, "அட்வான்ஸ் குடுத்திருந்தா நான் இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுதான் கல்யாணம் பண்ணிருப்பேங்க" என்று சொல்லிவிட்டு, கணவர் பக்கம் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். அவர் சமையலறைக்குப் போய்விட வேண்டியிருந்தது. வெங்காயம் அவர் பொறுப்பு.

ஏனென்றால் ஞாயிறன்று அந்த வீட்டில் வகுப்பு. ஹோமைவிட்டுப் புதிதாக வந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் காலையில் வருவார்கள், அன்று வந்திருந்த இருவரில் ஒருத்திக்குப் பத்தொன்பது வயது. பாடத்திட்டம் எளிது. இரண்டு பேருக்கு ரசம். கேஸ் புக் செய்வது. மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எங்கே வாங்குவது, சம்பளச் சீட்டில் பிடித்தம் எவ்வளவு என்று பார்ப்பது, ஏ.டி.எம். எண்ணை யார் போன் செய்து கேட்டாலும் சொல்லாமல் இருப்பது. செவிலியருக்கு இதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அவரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: காய்கறியைப் பெண்கள்தான் போய், தங்கள் காசில், பேரம் பேசி வாங்கி வர வேண்டும். சமைத்த பிறகு அவர் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், கணக்குச் சரியாக இருந்தால்.

பத்தொன்பது வயதுக்காரி பையோடு திரும்பி வந்தாள். கத்தரிக்காய், தக்காளி, முருங்கை. செவிலியர் அக்கா கணக்குப் பார்த்தார். அரைக்கிலோ தக்காளிக்கு ஒரு கிலோ விலை போயிருந்தது.

"கொசுறாக் கொத்தமல்லி கேட்டியா?"

"கேக்கலக்கா."

"ஏன்?"

"கேட்டாத் திட்டுவாங்களோன்னு..."

"திட்டட்டும். போ, தக்காளிக்கு மிச்சக் காசையும் கேட்டுட்டு, கொத்தமல்லியும் வாங்கிட்டு வா. தரலைன்னா அங்கேயே நில்லு. நானும் வரமாட்டேன், இந்த ஆன்ட்டியும் வரமாட்டாங்க."

அவள் படியிறங்கிப் போனாள். நாங்கள் எல்லோரும் பால்கனிக்கு ஓடினோம். தெருமுனை வண்டிக்காரரிடம் ஏதோ சொல்கிறாள், அவர் கையை விரிக்கிறார், இவள் நகரவில்லை. பின்னால் வந்த ஒரு அம்மா இவளுக்குப் பரிந்து பேசுகிறார். வண்டிக்காரர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு சில்லறையை எண்ணுகிறார். அவள் அதை வாங்கிக்கொண்டு இன்னும் நிற்கிறாள், கொத்தமல்லிக்கு.